தீராந்தியின் கடைசி வளையம்: திருகோணமலையில் ஐந்து நாள்

முதலாம் நாள்

யாழ்ப்பாணத்திலிருந்து வவுனியா, ஹொரவப்பொத்தானை வழியாக வந்த பேருந்து திருகோணமலை நிலையத்தில் என்னை இறக்கியபோது பிற்பகல் இரண்டு மணி. கச்சான் காற்று வீதிப் புழுதியை அள்ளிக் கடற்பக்கமாகக் கொண்டுபோய்க்கொண்டிருந்தது. ஆவணி மாதத்தில் இந்த நகரத்துக்கு வருகிறவர்கள் கோணேசர் தரிசனத்துக்கோ நிலாவெளிக் கடலுக்கோ வருவார்கள். நான் வந்தது ஒரு தீராந்தியை, கூரையின் குறுக்கு உத்தரத்தை, பார்ப்பதற்கு.

மாமாவின் வீட்டை இடிக்கிறார்கள். பழைய ஓட்டு வீடு. முன் விறாந்தையில் நான்கு தூண், நடுவில் ஒரு மண்டபம், பின்னால் கிணற்றடி வரை நீளும் வளவு. அந்த இடத்தில் மேல்மாடியோடு ஒரு கொங்கிறீற் வீடு எழும்பப்போகிறது. கூரையை இறக்கிய அன்று மாமா தொலைபேசியில் சொன்னார்: "தம்பி, இது டச்சுக்காரன் காலத்து வீடு. நீ மரத்தைப் பார்த்து வயது சொல்லுறவன்தானே, வந்து சொல்லு." பின்னாலிருந்து மாமியின் குரலும் கேட்டது: "அவருக்கு எல்லாம் டச்சுக்காரன்தான். என்ர மாமியார் கலியாணம் கட்டி வந்த வருசம் கட்டின வீடு." இருவருக்கும் இடையில் நூற்றைம்பது ஆண்டு வித்தியாசம் இருந்தது. பல்கலைக்கழகத்தில் தாவரவியல் படித்த காலத்தில் மரவளையங்களோடு கொஞ்சம் பழகியவன் என்ற ஒரே தகுதியோடு நான் நடுவராக வந்திருக்கிறேன்.

வளவுக்குள் வேப்பமர நிழலில் இறக்கிய மரங்களை மூன்று குவியலாக அடுக்கி வைத்திருந்தார்கள். மிகப் பெரிய குவியல் கைமரங்கள், அத்தனையும் பனை. அவற்றைக் கண்டதும் எனக்கு ஒரு சலிப்பு. பனைக்கு வளையம் இல்லை. அதன் உறுதியெல்லாம் வெளிப்புறத்தில்தான், உள்ளே சோறு. ஆண்டுக்கு ஒரு படை சேர்த்துப் பருக்கும் பழக்கம் அதற்குக் கிடையாது. புறத்தே வைரம் உள்ளவற்றைப் புல் என்றும் அகத்தே வைரம் உள்ளவற்றை மரம் என்றும் தொல்காப்பிய மரபியல் பிரித்து வைத்தது பள்ளியில் மனப்பாடம் செய்த செய்தி. அது எவ்வளவு கூர்மையான அவதானிப்பு என்பது ஒரு பனஞ்சட்டத்தின் முனையை உருப்பெருக்கிக் கண்ணாடியால் பார்த்தால் விளங்கும்: கறுத்த நார்ப் புள்ளிகள் ஓரத்தில் நெருக்கமாகவும் நடுவில் ஐதாகவும் சிதறிக் கிடக்கும், வட்டம் ஒன்றுகூடத் தெரியாது. ஆகவே எங்கள் வடக்கு, கிழக்கு வீடுகளின் கூரையில் பெரும்பகுதி இந்தக் கலைக்கு ஊமை.

இரண்டாவது குவியலில் சுவரின்மேல் கிடந்த வளைகள். அவை சவண்டலை என்று வேலைக்கு வந்திருந்த ஆசாரியார் சொன்னார். மூன்றாவதைக் குவியல் என்று சொல்லக்கூடாது; அது ஒற்றை மரம். மண்டபத்தின் குறுக்கே கிடந்த தீராந்தி, ஏறத்தாழப் பதினாறு அடி நீளம், தேக்கு. அதன் முனையில் ஆசாரியார் உளியால் ஒரு சீவல் எடுத்து என் மூக்கருகே நீட்டினார். பழைய தோற்பையின் வாசனையும் எண்ணெய் வாசனையும் கலந்த அந்த மணத்தில் சந்தேகம் எழவில்லை.

ஆனால் தேக்கு என்றவுடன் கேள்வி ஒன்று பிறந்துவிட்டது. தேக்கு இலங்கைக் காட்டில் தானாக முளைக்கும் மரமன்று. டச்சுக்காரர், அதாவது ஒல்லாந்தர், 17ஆம் நூற்றாண்டில் கொண்டுவந்து நட்டார்கள். பெருந்தோட்டங்கள் அதற்கும் வெகுகாலம் பிந்தியவை. நன்கு முற்றிய, நெருக்கமான வளையம் உள்ள பெரிய தேக்கு பழைய வீடொன்றில் கிடந்தால் அது மலையாளக் கரையிலிருந்தோ பர்மாவிலிருந்தோ யாவாவிலிருந்தோ கடல்வழியாக வந்திருக்கவே வாய்ப்பு அதிகம். வீட்டின் வயதைக் கேட்டு வந்தவனுக்கு மரத்தின் ஊரையும் கேட்கவேண்டியதாயிற்று.

இரண்டாம் நாள்

காலை ஆறு மணிக்கே ஆசாரியார் வாளோடு வந்துவிட்டார். மாமாவுக்கும் எனக்கும் முந்தின இரவே ஓர் உடன்பாடு: தீராந்தியின் நடுவில் துளை போடக்கூடாது, ஏனென்றால் மரக்காலைக்காரர் அதற்கு நல்ல விலை பேசியிருக்கிறார். நிற்கும் மரத்தில் பென்சில் பருமனுள்ள துளைகருவியைத் திருகி ஒரு நீண்ட குச்சியை வெளியே எடுப்பதும், பழைய கட்டடத்து உத்தரத்தில் உட்குழிவான துறப்பணத்தால் அதையே செய்வதும்தான் இத்துறையின் வழக்கம். இங்கே மரம் தரையில் கிடப்பதால் அது வேண்டியிருக்கவில்லை. சுவருக்குள் புதைந்திருந்த முனையிலிருந்து இரண்டு அங்குலத் தடிப்பில் ஒரு வில்லை அரிந்து தந்தார். சவண்டலை வளையிலிருந்தும் ஒன்று.

அரிந்த முகத்தில் எதுவும் தெரியாது. வாளின் பல் எல்லாவற்றையும் கலைத்துவிட்டிருக்கும். 80 இலக்க அரத்தாளில் தொடங்கி 120, 240, 400 என்று ஏறி, முகம் கண்ணாடிபோல் மின்னும்வரை தேய்க்கவேண்டும். இரண்டரை மணிநேரம் தேய்த்தேன். தேக்கு, பருவம் தொடங்கும்போது பெரிய துவாரங்களை வரிசையாகவும் பிறகு சிறிய துவாரங்களையும் உண்டாக்கும் மரம். ஆகவே ஒவ்வோர் ஆண்டின் தொடக்கமும் ஊசியால் குத்திய கோலம்போலத் தெரியவேண்டும். எண்ணெய்ப்பிடிப்பால் அது மங்கலாகவே இருந்தது. சோக்குத் தூளைத் துவாரங்களில் தேய்த்து அடைத்தால் வெள்ளையாக எடுப்பாகத் தெரியும் என்று நான் சொல்ல, சோக்குக்குக் கடைக்குப் போகவேண்டும் என்று மாமா சொல்ல, ஆசாரியார் சுவாமிப்படத்தடியில் இருந்த திருநீற்றுச் சட்டியை எடுத்துவந்து ஒரு சிட்டிகை தூவி உள்ளங்கையால் அழுத்தித் தேய்த்தார். துணியால் துடைத்ததும் தேன்நிற மரத்தில் வெண்புள்ளி வட்டங்கள் ஒன்றுக்குள் ஒன்றாக எழுந்தன. மாமி அடுக்களையிலிருந்து வந்து பார்த்துவிட்டுக் கன்னத்தில் போட்டுக்கொண்டார்.

எண்ணும் முறை எளியது. பத்தாவது வளையத்தில் ஒரு பென்சிற்புள்ளி, ஐம்பதாவதில் இரண்டு, நூறாவதில் மூன்று. முதல் முறை எண்ணியபோது 94 வந்தது. இரண்டாம் முறை 93. மூன்றாம் முறை மறுபடி 94. பிழை எங்கே என்று தேடியதில் அறுபத்தெட்டாவது வளையத்தில் சிக்கல் தெரிந்தது. பருவத்தின் நடுவில் மழை நின்று மீண்டும் பெய்தால் மரம் ஏமாந்து, புதிய ஆண்டு பிறந்துவிட்டதென்று எண்ணி, இன்னொரு பொய்வளையத்தைத் தொடங்கிவிடும். மெய்வளையத்தின் விளிம்பு கூர்மையாக இருக்கும். பொய்வளையம் இருபக்கமும் கரைந்து நிற்கும். இதை மெய்யென்றே கொண்டு 94 என்று வைத்துக்கொண்டேன். மிகக் கொடிய வறட்சியில் வளையமே இல்லாமல் ஓர் ஆண்டு கடந்துபோவதும் உண்டு. எனவே வெறுமனே எண்ணுவது காலக்கணிப்பு ஆகாது.

இதை மாமாவுக்கு எப்படி விளக்குவது என்று யோசித்து, கடைசியில் ஏட்டுச்சுவடியைத் துணைக்கு அழைத்தேன். முதலும் முடிவும் சிதைந்த ஒரு சுவடி கையில் கிடைக்கிறது. என்ன நூல் என்று தெரியாது. அதன் அடிகளில் நெடிலும் குறிலும் வரும் ஒழுங்கைப் பிடித்துக்கொண்டு முழுமையான பிரதி ஒன்றோடு ஒப்பிட்டால், இது இன்ன காண்டத்தின் இன்ன படலம் என்று இடம் குறித்துவிடலாம். மரவளையமும் அப்படித்தான். மழை வாய்த்த ஆண்டில் அகலம், பொய்த்த ஆண்டில் ஒடுக்கம். ஒரே காலநிலைப் பகுதியில் வளர்ந்த ஒரே இன மரங்கள் அதே நெடிலையும் அதே குறிலையும் அதே வரிசையில் எழுதும். இன்று நிற்கும் மரத்தில் தொடங்கி, அதன் இளமைக்கால வளையங்களோடு பழைய வீட்டு உத்தரத்தின் வெளிவளையங்களைப் பொருத்தி, அந்த உத்தரத்தின் உள்வளையங்களோடு இன்னும் பழைய மரத்தைப் பொருத்தி, பின்னோக்கிப் பின்னிக்கொண்டே போனால் ஒரு மூலப்பிரதி உருவாகிவிடும். ஐரோப்பாவில் ஓக், பைன் மரங்களை இணைத்து இப்படி பன்னிரண்டாயிரம் ஆண்டுக்கு மேற்பட்ட தொடர் இருக்கிறது.

இதைத் தொடங்கிவைத்தவர் தாவரவியலாளரோ தொல்லியலாளரோ அல்லர். சூரியப் புள்ளிகளின் பதினோராண்டுச் சுழற்சி மரங்களில் பதிந்திருக்குமா என்று தேடிப்போன ஏ. ஈ. டக்ளஸ் என்ற அமெரிக்க வானியலாளர். அமெரிக்கத் தென்மேற்கின் தொல்குடி மக்களது கல்வீடுகளில் கிடைத்த உத்தரங்களைக் கொண்டு அவர் ஒரு நீண்ட தொடரைப் பின்னியிருந்தார். ஆனால் அது நிகழ்காலத்தோடு ஒட்டாமல் அந்தரத்தில் மிதந்தது. 1929 ஜூன் மாதம் ஷோ லோ என்ற ஊரில் கிடைத்த, எச்.எச்.-39 என்று இலக்கமிட்ட ஒரு கரிந்த மரத்துண்டு இரண்டு பகுதிகளையும் இணைத்தது. ஒரே இரவில் புவேப்லோ பொனித்தோ முதலான பல இடிபாடுகளுக்கு ஆண்டு கிடைத்துவிட்டது. மாமாவுக்கு இந்தக் கதை பிடித்திருந்தது. "அப்ப நம்மட மரத்துக்கும் ஒரு துண்டு கிடைக்கும்" என்றார்.

நம்முடைய தேக்குக்கும் மூலப்பிரதிகள் இல்லாமலில்லை. வெப்பமண்டல மரங்களில் ஆண்டுவளையம் நம்பத்தகாது என்று பலர் கைவிட்டிருந்த காலத்தில், பெர்லாக என்ற டச்சு வானிலையாளர் யாவாத் தேக்கை எடுத்து 1514 வரை பின்னோக்கிச் செல்லும் தொடரை 1931இல் வெளியிட்டார். புனேயிலுள்ள வெப்பமண்டல வானிலை ஆய்வு நிறுவனத்தார் கேரளத் தேக்கில் 1481 முதல் 2003 வரை 523 ஆண்டுகளுக்கு ஒரு தொடரை அமைத்து, அதில் ஒடுங்கிய வளையங்கள் எல்-நினோ ஆண்டுகளின் வறட்சியோடு ஒத்துப்போவதை 2010இல் காட்டினார்கள்.

அந்தச் செய்தி தலைக்குள் இருந்ததால்தான் பிற்பகலில் ஒரு சபலம் தட்டியது. எங்கள் தீராந்தியில், உள்ளிருந்து 41, 42, 43 ஆகிய மூன்று வளையங்களும் நூல் கட்டினாற்போல் ஒடுங்கிக் கிடக்கின்றன. அவை ஏன் தாது வருடப் பஞ்சமாக, 1876 முதல் 1878 வரையான அந்த மூன்று ஆண்டாக இருக்கக்கூடாது? அப்படியானால் 94ஆவது வளையம் 1929. மாமியின் மாமியார் கலியாணம் கட்டி வந்த காலத்துக்கு அருகில் வந்துவிடும். வாய்விட்டுச் சொல்லியும் விட்டேன். மாமி அன்றைக்கு எனக்கு இரண்டாவது தடவை கோப்பி ஊற்றித் தந்தார். ஒரு மணிநேரம் கழித்து வெட்கத்தோடு அதைத் திரும்பப் பெறவேண்டி வந்தது. மூன்று ஒடுங்கிய வளையத்தை மட்டும் வைத்துக்கொண்டு பொருத்தினால், விரும்பிய பஞ்சத்தில் பொருத்தி விரும்பிய விடையைப் பெறலாம். இன்னும் முந்திய ஒரு வறட்சியில் பொருத்தினால் மாமாவின் டச்சுக்காரனும் சிரித்துக்கொண்டு வந்து நிற்பான். 94 வளையமும் நூறில் ஒரு பங்கு மில்லிமீற்றர் துல்லியத்தில் அளக்கப்பட்டு, தொடர் முழுவதோடும் ஒவ்வோர் ஆண்டாக நகர்த்திப் பார்க்கப்பட்டு, ஓரிடத்தில் மட்டும் கணக்குப்படி தெளிவாகப் பொருந்தினால்தான் அது விடை.

அதற்குமேலும் ஒரு தடை இருக்கிறது. ஆசாரியார்தான் அதைத் தொட்டுக்காட்டினார். வில்லையின் விளிம்பில் விரலை வைத்து, "வெள்ளை எல்லாம் செதுக்கித்தானே தம்பி கிடக்கு" என்றார். மரத்தின் வெளிப்புறத்து வெளிறிய பகுதியை இங்கே வெள்ளை என்பார்கள். நீர் ஏறும் உயிருள்ள பகுதி அது. கறையானுக்குப் பிடித்த இடமும் அதுதான். நல்ல தச்சன் வெள்ளையை வீட்டுக்குள் விடமாட்டான். வைரம் வரும்வரை வாய்ச்சியால் செதுக்கித் தள்ளுவான். மரம் வெட்டப்பட்ட ஆண்டு எழுதப்பட்டிருப்பதோ பட்டைக்கு அடுத்த கடைசி வளையத்தில்; சுவடியின் கடைசி ஏட்டில் பிரதி செய்து முடித்த ஆண்டும் திகதியும் இருப்பதைப்போல. எங்கள் கைத்திறமையே அந்தக் கடைசி ஏட்டைக் கிழித்து அடுப்பில் போட்டுவிட்டது. எத்தனை வளையம் போயிற்று என்பதற்கு இங்கிலாந்து ஓக் மரங்களில் ஒரு மதிப்பீடு உண்டு: பெரும்பாலும் வெள்ளையில் 9 முதல் 41 வளையம் இருக்கும், ஆகவே வைரத்தின் விளிம்பு தெரிந்தால் வெட்டிய காலத்தை ஒரு வீச்சுக்குள் சொல்லலாம். வைரமும் சேர்த்துச் செதுக்கப்பட்டிருந்தால் "இன்ன ஆண்டுக்கு முந்தியதன்று" என்பதோடு வாய்மூடவேண்டும். எங்கள் தீராந்தி அந்த இரண்டாம் வகை.

மூன்றாம் நாள்

காலையில் கோட்டைக்குப் போனேன். போர்த்துக்கேயர் 1620களில் கோணேசர் கோயிலை இடித்து எழுப்பி, டச்சுக்காரர் திருத்தி, பிரித்தானியர் 1795இல் கைப்பற்றிப் பிறகு பிரெடரிக் கோட்டை என்று பெயரிட்ட இடம். கோயிலுக்குப் போகும் வீதி அதற்குள்ளால்தான் போகிறது. மான்கள் வாழைப்பழத்தோலுக்காக ஆட்களின் பையை மோந்துகொண்டிருந்தன. மரத்தைப் பார்க்க வந்தவன் வாயிலில் ஒரு கல்லின் முன் நின்றுவிட்டேன். மீன் சின்னத்தோடு பழைய தமிழ் எழுத்துப் பொறித்த கல் கோட்டை வாயிலில் பதிந்திருக்கிறது. கல்லின் வயதை வைத்துக் கோட்டையின் வயதைச் சொன்னால் யாரும் சிரிப்பார்கள். அதே பிழையை மரத்தில் செய்தால் சிரிக்கமாட்டார்கள், ஏனென்றால் மரத்தில் எழுத்து இல்லை.

ஜப்பானில் நாரா நகருக்கு அருகிலுள்ள ஹோர்யூஜி கோயிலின் ஐந்தடுக்குக் கோபுரத்து நடுத்தூண் இதற்கு நல்ல சான்று. அந்தத் தூணாகிய சைப்பிரசு மரம் 594இல் வெட்டப்பட்டதென்று வளையங்கள் காட்டின. கோயிலோ 670இல் எரிந்து பிறகு மீண்டும் கட்டப்பட்டதாகப் பழைய குறிப்பு இருக்கிறது. நூறாண்டுக்கு அணித்தான அந்த இடைவெளியில் மரம் எங்கே இருந்தது? வேறொரு கட்டடத்தில் நின்றதா, தறித்து அடுக்கி வைக்கப்பட்டிருந்ததா என்று இன்றும் வாதாடுகிறார்கள். வளையம் பொய் சொல்லவில்லை. அது மரம் வெட்டிய ஆண்டை மட்டும் சொல்லிற்று, கட்டிய ஆண்டை யாரும் அதனிடம் கேட்கவேயில்லை.

எங்கள் தீராந்தியின் அடிப்பக்கத்திலும் இப்படி ஒரு வில்லங்கம் உண்டு. விரல் நுழையும் அளவில் நான்கு வட்டத்துளைகள், இரண்டில் மரஆணியின் அடிக்கட்டை இன்னும் இறுகிக் கிடக்கிறது. கூரையில் அந்த இடத்தில் எந்தப் பொருத்தும் இருந்ததில்லை. ஆசாரியார் அதைக் கண்டவுடன் "இது கப்பல் மரம்" என்று தீர்ப்புச் சொல்லிவிட்டார். மாமாவுக்கு அது டச்சுக் கப்பலாகவே கேட்டது. துறைமுக நகரில் கப்பல் உடைத்த மரம் வீட்டுக்கு வருவது இயல்பே. ஆனால் பண்டகசாலை, பாலம், இறங்குதுறை எல்லாவற்றிலும் மரஆணி அடிப்பார்கள். இது இன்னொரு வேலை பார்த்து ஓய்வுபெற்று வந்த மரம் என்பதற்குமேல் நான் ஒப்பமாட்டேன்.

கப்பல் என்ற பேச்சு வந்தபிறகு சும்மா இருக்க முடியுமா? பிற்பகல் உள்துறைமுகத்தைப் பார்த்தபடி ஒரு தேநீர்க்கடையில் உட்கார்ந்து நினைத்துக்கொண்டிருந்தேன். இந்த ஊரின் பெயரைச் சுமந்துகொண்டு ஒரு மரக்கப்பல் இன்றும் நீரில் நிற்கிறது, ஆனால் இங்கே அல்ல, இங்கிலாந்தின் ஹார்ட்டில்பூலில். எச்.எம்.எஸ். திருகோணமலை என்ற அந்தப் போர்க்கப்பலைப் பம்பாயில் வாடியா குடும்பத்துப் பார்சித் தச்சர்கள் மலபார்த் தேக்கினால் கட்டி 1817 ஒக்டோபரில் கடலில் இறக்கினார்கள். முதலில் அனுப்பிய வரைபடங்களைக் கொண்டுவந்த கப்பலை 1812இல் அமெரிக்கர் பிடித்துவிட்டதால் மறுபடி அனுப்பவேண்டியிருந்ததாம். ஓக் மரம் அருகிவந்த காலத்தில் பிரித்தானியக் கடற்படை தேக்கைத் தேடி இந்தியாவுக்கு வந்தது. எங்கள் தீராந்தி மலபார் மரமாக இருந்தால், அதன் நெடிலும் குறிலும் அந்தக் கப்பலின் பலகைகளில் இருப்பவையோடு ஒத்துப்போகக்கூடும். பெயரால் ஒன்று இந்த ஊர், இடத்தால் மற்றது இந்த ஊர், காடு மட்டும் இரண்டுக்கும் வேறெங்கோ. இந்த எண்ணம் எனக்கு மிகவும் பிடித்திருக்கிறது; பிடித்திருப்பதாலேயே அதை நம்பாமல் வைத்திருக்கிறேன்.

வீடும் கப்பலும் ஒரே காட்டைப் பகிர்ந்துகொண்டதற்கு உறுதியான சான்று வேறிடத்தில் இருக்கிறது. நியூயோர்க் உலக வர்த்தக மையம் இருந்த இடத்தை 2010இல் தோண்டியபோது நிலத்தடியில் ஒரு பழைய மரக்கப்பலின் அடிப்பாகம் வெளிப்பட்டது. அதன் ஓக் மரங்கள் 1773ஆம் ஆண்டளவில் வெட்டப்பட்டவை என்று கண்டவர்கள், அதே வளைய ஒழுங்கைப் பிலடெல்பியாவின் சுதந்திர மண்டபத்து உத்தரங்களில் கண்டார்கள். அதனால் கப்பலின் மரம் எந்தப் பகுதிக் காட்டிலிருந்து வந்தது என்பதும் வெளியாயிற்று. டென்மார்க்கின் ரொஸ்கில்ட குடாவில் மூழ்கியிருந்த வைக்கிங் போர்க்கப்பல் 1042இல் டப்ளினில் கட்டப்பட்டதென்று ஐரிஷ் ஓக் காட்டிக்கொடுத்தது. இந்தத் துறைமுகத்துக்கும் எத்தனையோ கப்பல்களை அனுப்பிய டச்சுக் கிழக்கிந்தியக் கம்பனியின் பத்தாவியா, 1629இல் மேற்கு அவுஸ்திரேலியக் கரையோரம் உடைந்த கப்பல், இன்னும் விரிவான கதை சொல்கிறது: உடற்பலகைகளுக்குப் போல்டிக் கரையிலிருந்தும் லூபெக் பகுதியிலிருந்தும் மரம், விலாச்சட்டங்களுக்குக் கீழ்ச் சாக்சனியிலிருந்து மரம். சொந்தக் காடு போதாத நாடொன்று ஐரோப்பா முழுவதும் மரம் பொறுக்கிக் கடலாண்ட விதம் அந்த வளையங்களில் இருக்கிறது. 2021இல் வெளியான அந்த ஆய்வை முதன்முறை படித்த இரவு நான் தூங்க வெகுநேரமாயிற்று.

நான்காம் நாள்

சவண்டலை வளையின் வில்லையைத் தேய்த்து முடித்துவிட்டுத்தான் இன்று மூதூருக்குப் புறப்பட்டேன். அதில் 61 வளையம். தேக்கைப்போல் தெளிவில்லை, ஆனால் ஒரு மூலையில், சுவர்ச் சுண்ணாம்புக்குள் மறைந்து தப்பிய இடத்தில், விரல் அகலத்துக்குப் பட்டை அப்படியே ஒட்டியிருக்கிறது. தீராந்தியில் கிழிந்துபோன கடைசி ஏடு இங்கே கிடைத்துவிட்டது. கறையானுக்கும் தச்சனுக்கும் தப்பிய அந்த விளிம்பைத் தடவிக்கொடுத்தேன் என்று எழுதுவதில் எனக்கு வெட்கமில்லை.

ஆனால் இதற்கு மூலப்பிரதி வேண்டும். கேரளத் தேக்கு இதற்கு உதவாது. இனம் வேறு என்பது ஒரு காரணம். மழை வேறு என்பது அதைவிடப் பெரிய காரணம். மலையாளக் கரைக்குத் தென்மேற்குப் பருவம் பொழியும் மாதங்களில் திருகோணமலை காய்ந்து கருகும். இங்கே ஐப்பசியில் வாடை பிடித்துத் தை வரை பெய்வதுதான் மழை. எனவே இங்கத்தைய மரத்தின் ஒரு வளையம் ஓர் ஆண்டின் முடிவில் தொடங்கி அடுத்த ஆண்டில் முடியும். தென் அரைக்கோளத்து மரங்களுக்கும் இதே தொல்லை இருப்பதால், வளர்ச்சி தொடங்கிய ஆண்டையே வளையத்துக்கு வைப்பது என்று அங்கே வழக்கப்படுத்திக்கொண்டார்கள். சுற்றியுள்ள காடுகளில் நிற்கும் முதிர்ந்த சவண்டலைகளிலிருந்து தொடரைத் தொடங்கி, பழைய வளைகளால் பின்னோக்கி நீட்டினால் இந்த 61 வளையத்துக்கும் ஓரிடம் கிடைக்கும். அதுவரை அது மிதக்கும் வரிசை.

மிதக்கும் வரிசைக்கு நங்கூரம் போட இன்னொரு வழியும் இருக்கிறது. 774-775, 993 ஆகிய ஆண்டுகளில் சூரியனிலிருந்து வந்த துகள்வீச்சால் உலகெங்கும் மரங்களில் கதிரியக்கக் கரிமம் திடீரென உயர்ந்தது. முதலாவதை 2012இல் ஜப்பானிய மரங்களில் ஃபூசா மியாகே கண்டறிந்தார். கனடாவின் நியூபவுண்ட்லாந்துக் கரையில் வைக்கிங் குடியிருப்பில் கிடைத்த மரத்துண்டுகளில் 993இன் வளையத்தைப் பிடித்து, அதிலிருந்து பட்டைவரை 28 வளையம் எண்ணி, 1021 என்று அறுதியிட்டார்கள். எங்கள் வளைக்கு அந்த ஆண்டுகள் எட்டாத தூரம். பிந்திய மூன்று நூற்றாண்டுகளில் கரிமக் கணிப்பு பல விடை தரும். வில்லையின் பல வளையங்களைத் தனித்தனியே சோதித்து அந்த ஏற்ற இறக்கத்தைப் பொருத்தினால்தான் விடை ஒடுங்கும். அதற்கான செலவைச் சொன்னபோது மாமா பேச்சை மாற்றினார்.

கிண்ணியாப் பாலம் வந்தபிறகு மூதூருக்குப் படகு ஏறவேண்டியதில்லை. ஒரு மணிநேரத்துக்குச் சற்றுக் கூடுதலான பேருந்துப் பயணம். போனது ஒரு புளியமரத்துக்காக. 1659 நவம்பரில் புயலில் பாய்மரத்தை இழந்த ஆன் என்ற ஆங்கிலக் கப்பல், புதிய பாய்மரம் நாட்டுவதற்காகக் கொட்டியாரக்குடாவுக்கு வந்தது. கப்பற்றலைவர் ரொபேர்ட் நொக்சும் அதே பெயர்கொண்ட மகனும் 1660இல் கண்டி அரசனின் ஆட்களிடம் அகப்பட்டார்கள். தந்தை சிறையிருப்பில் இறக்க, மகன் பத்தொன்பது ஆண்டு கழித்துத் தப்பி, இலங்கை பற்றி நூல் எழுதினார். அவர்கள் பிடிபட்டது ஒரு புளியமரத்தடியில் என்று சொல்லும் 1893ஆம் ஆண்டுக் கல் ஒன்று இங்கே இருக்கிறது. புளியை வளையத்தால் சோதிப்பது எளிதன்று: வளையம் மங்கல், முதிர்ந்தால் நடு உளுத்துக் கோறையாகி மிகப் பழைய வளையங்களே முதலில் போய்விடும். எனக்கு அந்தக் கதையில் பிடித்தது மரம் அன்று, காரணம். ஒரு கப்பல் கடலைக் கடந்து இங்கே வந்தது நல்ல மரம் கிடைக்கும் என்ற நம்பிக்கையால்.

அந்த நம்பிக்கை வீணன்று. சவண்டலையை ஆங்கிலேயர் திருகோணமலை மரம் என்றே அழைத்தார்கள். இங்கிருந்து சென்னைக்கு ஏற்றப்பட்டு, அலைமோதும் கரையில் ஆட்களையும் சரக்கையும் இறக்கிய மசூலாப் படகுகளுக்கு அது பலகையாயிற்று. கிண்ணியாக் கரையில் திரும்பும்போது வரிசையாகக் கிடந்தவை எல்லாம் பைபர் வள்ளங்கள். மணலில் பாதி புதைந்த ஒரு மரத்தோணியின் ஏராவைச் சுரண்டிப் பார்த்தேன். தார் ஒரு அங்குலத் தடிப்பு.

ஐந்தாம் நாள்

கடைசி நாள் காலை, நகரத்துக் கோயிலொன்றின் வாகனசாலையை அறங்காவலரின் அனுமதியோடு பார்த்தேன். குதிரை வாகனத்தின் பின்காலடியில் வர்ணம் உரிந்து மரத்தின் முனை தெரிந்தது. உள்ளங்கை அகலத்தில் ஏழெட்டு வளையம். அதற்கு மேல் எண்ணக் கேட்பதற்கு மனம் வரவில்லை, சுவாமி ஏறும் வாகனத்தில் அரத்தாள் போட முடியாது. ஓவியம், இசைக்கருவி முதலியவற்றை ஆராய்கிறவர்களுக்கும் இதே கட்டுப்பாடு உண்டு. பழைய டச்சு ஓவியர்கள் கன்வசுக்கு முன்னும் அதனோடு கூடவும் ஓக் பலகையில் வரைந்தார்கள். பலகையின் விளிம்பு சட்டத்துக்குள் மறைந்து வர்ணமின்றி இருப்பதால், அந்த ஓரத்தை மட்டும் மெல்லச் சுத்தம் செய்து அளந்துவிடலாம். ஹம்பேர்க் பல்கலைக்கழகத்தில் இப்படி ஏராளமான பலகைகள் அளக்கப்பட்டன. பல பலகைகள் போல்டிக் கரை மரம் என்று தெரிந்தது. ஓவியர் இறந்தபின் வளர்ந்த வளையம் பலகையில் இருந்தால் ஓவியம் போலி. இல்லாவிட்டால் உண்மை என்று பொருளன்று, பொய்யென்று நிறுவ முடியவில்லை என்பது மட்டுமே.

ஒக்ஸ்போர்டின் அஷ்மோலியன் அருங்காட்சியகத்திலுள்ள, ஸ்திராடிவாரி 1716இல் செய்ததாகச் சொல்லப்படும் "மெசாயா" வயலின் விடயத்திலும் அதுவே நடந்தது. பிற்காலப் போலி என்று ஒருவர் கிளப்பிய சந்தேகத்துக்கு, வயிற்றுப் பலகையின் ஸ்புரூஸ் வளையங்களைத் தொடாமலே அளந்தவர்கள் கடைசி வளையம் 1680களுக்குரியது என்று விடை சொன்னார்கள். ஸ்திராடிவாரி அதைச் செய்திருக்க முடியும் என்பதோடு வளையத்தின் சாட்சி முடிந்தது.

மாமாவிடம் நானும் அதே மாதிரித்தான் சொன்னேன்: "மாமா, தீராந்தி வெளியூர்த் தேக்கு, வேறெங்கோ வேலைசெய்துவிட்டு வந்தது, குறைந்தது 94 ஆண்டு வளர்ந்த மரம். எப்போது வெட்டினார்கள் என்பதைக் கேரளத் தொடரோடு ஒப்பிட்டால் ஓரளவு சொல்லலாம். வீடு எப்போது கட்டினது என்பதை அது சொல்லாது. சவண்டலை வளை சொல்லும், ஆனால் அதற்கு இன்னும் பல மரங்கள் அளக்கவேண்டும்." அவர் பொறுமையாகக் கேட்டுவிட்டு, "இப்ப டச்சுக்காரன் இல்லையெண்டு சொல்லுறியா?" என்றார். இல்லையென்றும் சொல்ல முடியாது என்றேன். அவருக்கு அது போதுமாக இருந்தது.

இரண்டு வில்லைகளையும் பத்திரிகைத்தாளில் சுற்றிப் பயணப்பைக்குள் வைத்தபோது ஆசாரியார் ஒன்றை நினைவூட்டினார்: வழியில் சோதித்தால் மரத்துக்குக் கடிதம் கேட்பார்கள். ஆகவே மாமா என்னைக் கிராம அலுவலரிடம் அழைத்துப்போனார். இடித்த வீட்டிலிருந்து ஆய்வுக்காக எடுத்துச்செல்லும் இரண்டு மரத்துண்டுகள் என்று எழுதினால் போதும் என்று நான் சொல்லிக்கொண்டிருக்கும்போதே மாமா முந்திக்கொண்டார். இப்போது பேருந்து கந்தளாய்க் குளத்தைத் தாண்டிக்கொண்டிருக்கிறது. மடித்த கடிதம் என் சட்டைப்பையில் இருக்கிறது. முத்திரையோடும் ஒப்பத்தோடும் அதில் எழுதியிருப்பது: "மேற்படி மரத்துண்டுகள் ஒல்லாந்தர் காலத்துக்குரியவை எனச் சான்றுப்படுத்துகிறேன்."